எத்தனை ஊர், எத்தனை இரவு?

வாசகர் கேள்வி – பதில்: முதல் ஐரோப்பியப் பயணம்

கேள்வி: சேலத்தில் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறார். மகள் கல்லூரி விடுதிக்குச் சென்றுவிட்டதால், இருவருமாக முதன்முறையாக ஐரோப்பா போய்வர எண்ணியிருக்கிறோம். எனக்கு மே மாதம் முழுவதும் விடுமுறை. ஆனால் பட்டறையைப் 10 நாள்களுக்கு மேல் விட்டுவிட்டு அவரால் வர இயலாது. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் என ஐந்தையும் சேர்த்து என் நாத்தனார் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறார். "இவ்வளவு செலவழித்துப் போகிறீர்கள், மறுபடியும் போகவா போகிறீர்கள்?" என்பது அவருடைய வாதம். இந்தத் திட்டம் சரிப்படுமா? ட்யூலிப் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது என்னுடைய நெடுநாள் ஆசை.
— வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: உங்கள் நாத்தனார் ஊர்களை எண்ணியிருக்கிறார், இரவுகளை எண்ண மறந்துவிட்டார். முதலில் அந்தக் கணக்கைப் போட்டுவிடுவோம்.

பாரிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் பெங்களூரிலிருந்து நேரடி விமானங்கள் உண்டு. அவை பெரும்பாலும் நள்ளிரவைக் கடந்து புறப்பட்டு, பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து, அங்கே காலையில் இறங்குபவை. தேவனஹள்ளி விமான நிலையம் நமக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. ஓசூரைத் தாண்டிய பிறகு பெங்களூரின் நெரிசல் எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பாவது அங்கே இருக்க வேண்டும். ஆகவே மாலை நான்கு, ஐந்து மணிக்கே சேலத்தைவிட்டுக் கிளம்பிவிட வேண்டியிருக்கும். போகும் இரவையும் திரும்பும் இரவையும் கழித்தால், உங்கள் 10 நாள்களில் ஐரோப்பியக் கட்டிலில் படுக்கப்போவது 8 இரவுகள்தாம்.

ஐந்து ஊர்கள் என்றால் இடையில் நான்கு இடமாற்றங்கள். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு யூரோஸ்டார் ரயிலில் 3 மணி 20 நிமிடம் என்று இணையத்தில் பார்த்தவுடன் "இவ்வளவுதானா" என்று தோன்றும். அது ரயிலுக்குள் அமர்ந்திருக்கும் நேரம் மட்டுமே. காலையில் பெட்டி கட்டி, பதினோரு மணிக்குள் அறையைக் காலி செய்து, நிலையத்துக்கு முன்கூட்டியே போய், இறங்கிய ஊரில் விடுதியைத் தேடிப் பிடித்து, பிற்பகல் மூன்று மணிக்கு அறைச் சாவி கைக்கு வரும்போது அன்றைய பகலில் பெரும்பகுதி போயிருக்கும். ஆம்ஸ்டர்டாமிலிருந்து சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனுக்கு ரயிலில் போவது ஏறத்தாழ ஒரு முழுப் பகல். அங்கிருந்து ஆல்ப்ஸைக் கடந்து வெனிஸ் போவதும் அப்படியே. வெனிஸிலிருந்து ரோமுக்கு விரைவு ரயிலிலேயே சுமார் நான்கு மணி நேரம். இவ்வாறு நான்கு பகல்கள் கழிந்தால் எஞ்சியிருப்பது நான்கே பகல். அதிலும் முதல் நாள் பாதித் தூக்கத்தில் போய்விடும். நாத்தனாரின் திட்டம் ரயில் அட்டவணைப்படி நடக்கக்கூடியதுதான். நடந்தேறிய பிறகு உங்களிடம் மிஞ்சியிருப்பதும் ஒரு ரயில் அட்டவணையாகத்தான் இருக்கும்.

ஒரே நாளில் ஏற்காடு வந்து போகிறவர்களை நாம் ஞாயிறுதோறும் பார்க்கிறோம். 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, பதினோரு மணிக்கு ஏரிக்கரையில் இறங்குவார்கள், படகில் அரை மணி, லேடிஸ் சீட்டில் கால் மணி, பகோடா பாயிண்டில் ஒரு புகைப்படம், நான்கு மணிக்கு "ஏற்காட்டில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இறங்கிவிடுவார்கள். காபித் தோட்டங்களின் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே மாலை மூடுபனி இறங்குவதை அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். அதற்கு இரவு தங்கியிருக்க வேண்டும். நானும் என் மனைவியும் முதன்முறை ஐரோப்பா சென்றபோது இதே தவற்றைத்தான் செய்தோம். ஒரு சுற்றுலா நிறுவனத்தின் ஏற்பாட்டில் பேருந்தில் பல நாடுகளை ஓட்டமாய் ஓடிப் பார்த்தோம். லூவர் அருங்காட்சியகத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது 40 நிமிடம். மோனா லிசாவைத் தூக்கிப் பிடித்த கைபேசிகளின் திரைகளில்தான் பார்த்தேன். எங்கே என்ன சாப்பிட்டோம் என்பது மட்டும் என் மனைவிக்கு இன்றும் வரிசையாக நினைவிருக்கிறது.

எனவே என்னுடைய பரிந்துரை இரண்டே ஊர்கள்: பாரிஸில் ஐந்து இரவு, ஆம்ஸ்டர்டாமில் மூன்று இரவு. பாரிஸில் இறங்கி ஆம்ஸ்டர்டாமிலிருந்து திரும்புமாறு பயணச்சீட்டை எடுங்கள். ஏர் பிரான்ஸும் கே.எல்.எம்.மும் ஒரே குழுமத்தைச் சேர்ந்த விமான நிறுவனங்கள் என்பதால், போகும் வழி ஒன்று, வரும் வழி மற்றொன்று என்று ஒரே சீட்டாகவே பெறலாம். முன்பதிவுப் பக்கத்தில் 'மல்டி சிட்டி' என்ற பிரிவில் தேட வேண்டும். தனித்தனியாக இரண்டு ஒருவழிச் சீட்டு எடுத்தால் விலை கூடிவிடக்கூடும். திரும்புவதற்காக மறுபடி பாரிஸுக்கு ஓடும் ஒரு நாள் இதனால் உங்களுக்கு மிச்சமாகும்.

வெள்ளிக்கிழமை மாலை சேலத்திலிருந்து புறப்பட்டு, சனிக்கிழமை காலை பாரிஸில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கிழமை மிகவும் முக்கியம். ஏனெனில் லூவர் செவ்வாய்க்கிழமைகளிலும், ஆர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமைகளிலும் மூடியிருக்கும். இதைப் பார்க்காமல் நாளைக் குறித்துவிட்டு மூடிய கதவின் முன் நின்றவர்கள் பலர்.

சனிக்கிழமை எதற்கும் சீட்டு எடுக்க வேண்டாம். விமானம் தாமதமாகலாம், எல்லையில் கைரேகையும் புகைப்படமும் பதியும் வரிசை நீளலாம். விடுதியில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, சேன் ஆற்றங்கரையில் நடந்து, 2019 தீவிபத்துக்குப் பின் பழுதுபார்க்கப்பட்டு 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட நோத்ர தாம் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, கண் சொருகினாலும் இரவு ஒன்பது வரை விழித்திருந்து படுங்கள். கோடையில் பாரிஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. அங்கே இரவு ஒன்பது என்றால் உங்கள் உடலுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. மறுநாள் விடியுமுன்னே விழிப்பு வந்துவிடும். அதை நொந்துகொள்ளாமல், ஞாயிறு அதிகாலையில் ட்ரோகாதெரோ மேடைக்குச் சென்று, கூட்டமில்லாத ஈபிள் கோபுரத்தை ஆற்றின் மறுகரையிலிருந்து பாருங்கள். கோபுரத்தில் ஏறுவதற்கான லிஃப்ட் சீட்டுகள் 60 நாள்களுக்கு முன்பே இணையத்தில் திறக்கும்; அந்த நாளை நாள்காட்டியில் குறித்துவைத்து எடுத்துவிட வேண்டும்.

திங்களன்று மோன்மார்த்ர் குன்றின் தெருக்கள். அங்கிருந்து சற்றுத் தொலைவில் லா ஷப்பல் பகுதி இருக்கிறது. கடைப் பலகைகளைத் தமிழில் படிக்கலாம், இலங்கைத் தமிழர் கடைகளில் தோசையும் இடியாப்பமும் கிடைக்கும், பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயமும் உண்டு. வெளியூர் போனால் வெளியூர்ச் சாப்பாடுதான் சாப்பிட வேண்டும் என்று உபதேசிப்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். மூன்றாம் நாளில் கிடைக்கும் ஒரு தட்டு இட்லி மீதி நாள்களைத் தாங்கும். செவ்வாயன்று ஆர்சே, வெர்சாய் இரண்டில் ஒன்று மட்டும். லூவர் மூடியிருப்பதால் அன்று வெர்சாயில் கூட்டம் அதிகமாக இருக்கும் என்பதால், நான் ஆர்சேயைத்தான் சொல்வேன். புதன் காலை லூவர். முன்பதிவு செய்த நேரத்துக்குப் போய், மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்க முயலாமல் வெளியே வந்துவிடுங்கள். சீட்டு எடுத்துப் பார்க்கும் இடம் ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் காலையில். பிற்பகல் ஏதேனும் ஒரு பேட்டையில் நடை. இந்த அளவைத் தாண்டாதீர்கள்.

வியாழக்கிழமை கார் து நோர் நிலையத்திலிருந்து ஆம்ஸ்டர்டாம். விடுதியை இந்நிலையத்தின் அருகிலேயே எடுக்கலாம் என்பார்கள். அது வசதியானதே தவிர அமைதியான பகுதி அன்று. விமான நிலையத்தையும் கார் து நோரையும் இணைக்கும் ஆர்.இ.ஆர். பி ரயில் பாதை சான் மிஷெல், லுக்ஸம்பூர் நிறுத்தங்கள் வழியாகத் தெற்கே செல்கிறது. அப்பகுதியில் தங்கினால் வந்திறங்கும் நாளும் கிளம்பும் நாளும் வண்டி மாற வேண்டியதில்லை. பழைய கட்டடங்களில் லிஃப்ட் உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மெட்ரோ நிலையங்கள் பலவற்றில் படிக்கட்டுதான் வழி. உங்கள் பெட்டியை நீங்களே தூக்க முடிந்த எடைதான் அதற்குரிய எடை.

வெள்ளிக்கிழமைக்கு ஆம்ஸ்டர்டாமில் எல்லோரும் வான் கோ அருங்காட்சியகத்தைச் சொல்வார்கள். உங்கள் கணவருக்காக நான் ரைக்ஸ்மியூசியத்தைச் சொல்கிறேன். ஆதம் வான் வியானன் என்ற வெள்ளிக் கொல்லர் 1614இல் செய்த கூஜா அங்கே இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் வெள்ளிக் கொல்லர் சங்கம் கேட்டுக்கொண்டு செய்யப்பட்ட அது, ஒரே வெள்ளித் தகட்டைச் சுத்தியலால் அடித்து அடித்து, உருகி வழிவதுபோன்ற வடிவத்துக்குக் கொண்டுவரப்பட்டது. செவ்வாய்ப்பேட்டைக்காரர் ஒருவர் அதன் முன் எவ்வளவு நேரம் நிற்பார் என்பதை நீங்கள் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன் ஃபிராங்க் மறைந்து வாழ்ந்த வீட்டைப் பார்ப்பதானால், அதன் சீட்டுகள் ஆறு வாரங்களுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைகளில் இணையத்தில் மட்டுமே வெளியாகும்; வாசலில் போய் வாங்க முடியாது.

இனி ட்யூலிப். கியூக்கன்ஹாஃப் தோட்டம் மார்ச் மூன்றாம் வார வாக்கில் திறந்து மே இரண்டாம் வாரத்தோடு மூடிவிடும். மே கடைசியில் போனால் பூவும் இல்லை, தோட்டமும் திறந்திருக்காது. ஆகவே உங்கள் பயணம் மே முதல் பத்து நாள்களுக்குள் அமைய வேண்டும். அப்போதும் பருவம் முடியும் தறுவாய் என்பதால், வயல்களில் பூ வெட்டப்பட்டிருக்கலாம், தோட்டத்துக்குள் ஓரளவு இருக்கும். இரண்டு எச்சரிக்கைகள்: ஏப்ரல் 27 நெதர்லாந்தில் மன்னர் தினம், அன்று ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் கால்வைக்க இடமிருக்காது, மே 1 அன்று லூவரும் வெர்சாயும் மூடியிருக்கும். சனிக்கிழமையைத் தோட்டத்துக்கு ஒதுக்கி, ஞாயிறன்று ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரல் நிலையத்திலிருந்து கால் மணிக்குச் சற்றுக் கூடுதலான ரயில் பயணத்தில் ஸ்கிப்போல் விமான நிலையம் சேர்ந்துவிடலாம்.

சுவிட்சர்லாந்தை விட்டுவிட்டோமே என்று நாத்தனார் கேட்பார். பனிமலைக் காட்சிக்காக அங்கே எல்லோரும் போகும் யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகம் மூடினால் அத்தனை பணம் கட்டியும் வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியாது. மேகம் விலகக் காத்திருக்க இரண்டு, மூன்று நாள் கையிருப்பு உள்ளவர்கள்தாம் அங்கே போக வேண்டும். சுவிட்சர்லாந்துக்குத் தனியாக ஒருமுறை போங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சிறிய காபித் தோட்டம் வைத்திருக்கிறோம். அறுவடையும் உலர்த்தலும் முடிந்து, மார்ச் தொடக்கத்தில்தான் எனக்கும் மனைவிக்கும் ஒரு வாரம் ஓய்வு கிடைக்கும். ஊர் ஊராக அலைய விருப்பமில்லை. ஒரே நகரத்தில் ஆறு இரவு தங்கலாம் என்றிருக்கிறோம். ரோமா, வியன்னாவா? இருவரும் சைவம்.
— வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: காபிச் செடியைப் பூக்கவைக்கும் பூ மழைக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற கவலை உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. ஒரே நகரம் என்ற முடிவு சரியானது.

சைவ உணவுக்கும் வெயிலுக்கும் ரோம் எளிது. மார்ச்சில் நடப்பதற்கு இதமாக இருக்கும், வெறும் தக்காளிச் சாறிட்ட பாஸ்தா எந்தக் கடையிலும் கிடைக்கும். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமைகளில், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர, மூடியிருக்கும் என்பதையும், புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும் என்பதையும் நினைவில் வைத்தால் போதும்.

ஆனாலும் உங்களை வியன்னாவுக்கு அனுப்பவே எனக்கு ஆசை. விளைவிப்பவருக்குத் தன் விளைச்சல் கடைசியில் எப்படி அருந்தப்படுகிறது என்பதைப் பார்க்கும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது. வியன்னாவின் காபிக்கடைப் பண்பாட்டை 2011இல் ஆஸ்திரியா தன் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பளிங்கு மேசை, மரச்சட்டத்தில் மாட்டிய செய்தித்தாள், சிறு தட்டில் காபியும் அதனருகே ஒரு கோப்பைத் தண்ணீரும். ஒரே ஒரு காபியை வாங்கிவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை. அந்தத் தண்ணீரும் சாதாரணமானதன்று. 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து குழாயில் வருவது. நம் பில்டர் காபிக்கு அருகில் வருவது 'மெலாஞ்ச்' என்ற பால் நுரைத்த காபி. டிகாக்‌ஷனின் திடத்தை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

திங்களன்று கலை வரலாற்று அருங்காட்சியகம் மூடியிருக்கும். அன்று ஷான்புருன் அரண்மனைக்குப் போகலாம். பெல்வதேர் அரண்மனையில் கிளிம்ட்டின் 'முத்தம்' ஓவியத்தைப் பார்க்க ஒரு காலை. அரசு இசை நாடக அரங்கில் நின்றுகொண்டு பார்க்கும் சீட்டுகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கால் வலித்தால் இடைவேளையில் வந்துவிடலாம், பெரிய நட்டமில்லை. ஒரு நாள் ஒரு மணி நேர ரயிலில் ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவாவுக்குப் போய் மாலைக்குள் திரும்புங்கள்; அதே விசா செல்லும். ஞாயிறன்று கடைகள் அடைத்திருப்பதால் பழம், ரொட்டி, தயிரைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். குளிரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: ஏற்காட்டு ஸ்வெட்டர் வியன்னாவின் மார்ச் காற்றுக்குப் போதாது. காற்றைத் தடுக்கும் மேலங்கி ஒன்று வேண்டும்.

கேள்வி: இரண்டு நாடுகளுக்குப் போவதானால் எந்த நாட்டின் விசாவுக்கு விண்ணப்பிப்பது? விமானச் சீட்டை எடுத்த பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டுமா?
— வாசகர், சூரமங்கலம்

பதில்: ஷெங்கன் உடன்பாட்டில் உள்ள 29 நாடுகளுக்கும் ஒரே விசாதான். அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேரா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது தந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கோடைக்குச் சென்னை விசா விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே கடினம் என்பதால், மே பயணத்துக்கு ஜனவரியிலேயே தொடங்குவதுதான் நடைமுறை. பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் தேவை. கைரேகை தர விண்ணப்பிப்பவர் ஒவ்வொருவரும் நேரில் போக வேண்டும். காலை ரயிலில் சென்று இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் திரும்பிவிடலாம்.

விமானச் சீட்டுக்கு முன்பதிவு விவரம் காட்டினால் போதும். பணம் திரும்பாத சீட்டை விசா வருமுன் வாங்காதீர்கள். விடுதிகளும் ரத்து செய்யக்கூடியவையாக இருக்கட்டும். எழுதிக் கொடுக்கும் பயணத் திட்டமும் விடுதிப் பதிவுகளும் நாளுக்கு நாள் பொருந்த வேண்டும். ஐந்து ஊர்த் திட்டங்கள் இங்கேயும் இடறும். ஒரு இரவு விடுபட்டிருந்தாலும் கேள்வி வரும். வங்கிக் கணக்கில் கடைசி வாரம் கைமாற்றாக வாங்கிப் போட்ட பெருந்தொகையைவிட, மாதாமாதம் சீராக வந்து போகும் சிறுதொகைக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: மே மாதம் நாங்கள் இருவரும் பாரிஸ் போகிறோம். அங்குள்ள உறவினர் சேலத்து மாம்பழம் கேட்கிறார். எடுத்துச் செல்லலாமா?
— வாசகி, அம்மாபேட்டை

பதில்: முடியாது. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணி கொண்டுபோகக்கூடிய பழங்கள் அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்து மட்டுமே. மாம்பழத்துக்கும் கறிவேப்பிலைக்கும் அனுமதியில்லை. இறைச்சியும் பால் பொருள்களும் தடை செய்யப்பட்டவை என்பதால் நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். பருப்புப் பொடி, தட்டுவடை, எண்ணெயில் பொரித்த முறுக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லலாம். தட்டுவடை செட்டுக்கான காரச் சட்டினியை மட்டும் அவர் அங்கேயே அரைத்துக்கொள்ள வேண்டியதுதான்.